கல்யாணசுந்தரி டீச்சரின் மத்தியான வகுப்பு

சத்யபிரியா, இதை யாருக்கும் காட்டாதே. உன் அக்காவுக்குக்கூட வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். நாளை கல்யாணசுந்தரி டீச்சரின் இரங்கல் கூட்டத்தில் நான் வாசிக்கப்போவது இதைத்தான். தலைமையாசிரியை எழுதிக் கொடுத்த நாலு வரியை வாசிக்கப்போவதில்லை. எங்கள் வீட்டில் வைத்தால் அப்பா கண்ணில் பட்டுவிடும். “தாளாளர் அய்யா மேடையில இருக்கும்போது நீ ஏதாவது வாயத் தொறந்தேன்னா, மறுநாளே எங்கிட்ட லாரிச் சாவிய வாங்கி ஆணியில மாட்டிருவாரு” என்று சொல்லிவிட்டுத்தான் இன்று லோடு ஏற்றப் போனார். அவர் சொல்வது பொய்யில்லை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. காலையில் பால் வாங்க வரும்போது உன்னிடம் தருகிறேன். பிழையைத் திருத்தி உன் பையிலேயே வைத்திரு. என் பெயரைக் கூப்பிடும்போது கையில் கொடு.

மேடையில் அமர்ந்திருக்கும் பள்ளித் தாளாளர் பூவனநாதன் அய்யா அவர்களே, தலைமையாசிரியை சுந்தரம்மாள் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, தீப்பெட்டிக் கம்பெனியில் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் பாலர் வகுப்புத் தம்பி தங்கைகளே! உங்கள் அனைவருக்கும் பத்தாம் வகுப்பு முத்துச்செல்வியின் வணக்கம்.

இந்த மண்டபத்தில் எந்தக் கூட்டம் நடந்தாலும் கல்யாணசுந்தரி டீச்சர் கடைசியில்தான் இருப்பார். மடியில் ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். முன்னால் வந்து உட்காருங்கள் என்று சொன்னால் என்றாவது கேட்டிருக்கிறாரா? இன்று மாலை போட்ட படமாக எல்லோருக்கும் முன்னால் இருக்கிறார். இதையா நாம் கேட்டோம்!

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது பாலர் வகுப்பு மதியத்தோடு முடிந்துவிடும். அந்த மணி அடித்ததும் என்னைப் போன்ற அக்காமார் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, தம்பி தங்கையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். அம்மாமார் இருட்டோடு கம்பெனி வண்டியில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்கள். பிள்ளையை யார் பார்ப்பது? அதனால் யாரும் எங்களைக் குறை சொல்லவில்லை. யாரும் எங்களை எதுவும் கேட்கவும் இல்லை.

டீச்சர்தான் கேட்டார். தம்பி காளிராஜுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

“ஏட்டி, உனக்கு மத்தியானம் என்ன பாடம்?”

“கணக்கு, டீச்சர்.”

“அப்ப கணக்க யார்ட்ட படிக்க?”

“படிக்கல, டீச்சர்.”

அவர் என்னைத் திட்டவில்லை. கையிலிருந்த செருப்பை வாங்கி, தம்பிக்கு அவரே மாட்டிவிட்டார். அந்தக் கோடை விடுமுறை முழுவதும் கடம்பூரிலிருந்து ரயிலேறி வந்து பிள்ளைகளை மாலை வரை பள்ளியில் விடச் சொல்லி எங்கள் தெருக்களில் வீடு வீடாக நடந்தார். சித்திரை வெயிலில் கரிசல் வெடித்துக் கிடந்தது. குடையின் கம்பி ஒன்று உடைந்து தொங்கியது.

இங்கே இருக்கிற சுடலைச்செல்வி அத்தைக்கு அது நினைவிருக்கும். “தூங்க வைக்கதுக்கு எதுக்கு டீச்சர் பள்ளிக்கூடம்? எங்க வீட்டுல பாய் இல்லியாக்கும்?” என்று அத்தை கேட்டார்.

“பாய் இருக்கு தாயி. தூங்க விடுவீயளா?” என்றார் டீச்சர்.

நம் வீடுகளில் மதியம் வரும் பிள்ளை சோறு தின்றதும் எங்கே உட்காரும் என்று நமக்குத் தெரியாதா? கம்பெனிக் கட்டை வாங்கி வீட்டில் தீப்பெட்டி ஒட்டுவது கேவலம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டு அடுப்பும் அதில்தான் எரிகிறது. டீச்சரும் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. பெரியவர்கள் ஒட்டட்டும் என்பார். அவ்வளவுதான்.

அந்த ஜூன் மாதம் தாளாளர் அய்யா தம் கம்பெனித் தீக்குச்சி அடுக்கி வைத்திருந்த பழைய கொட்டகையைக் காலி செய்து கொடுத்தார். “ஒரு வருசம் பாப்போம், டீச்சர்” என்றார். அய்யா அவர்களே, அன்று நீங்கள் கொடுத்த இடத்தில்தான் முழுநாள் பாலர் வகுப்பு தொடங்கியது. அதற்காக எங்கள் தெருவே உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது.

முதல் நாள் மத்தியானம் பிள்ளைகளுக்குத் தண்ணீர் வாளி கொடுக்கப் போயிருந்தேன். டீச்சர் பிள்ளைகளுக்கு வண்ணத் தாளும் ஒரு கிண்ணம் பசையும் கொடுத்து, “பூவோ வீடோ பறவையோ, உங்க இஷ்டத்துக்கு ஒட்டுங்க” என்றார். பிள்ளைகள் வேகமாக ஒட்டினார்கள். ஆட்காட்டி விரலால் பசையைத் தொட்டு ஒரே இழுப்பு. தாளைத் தொடையில் வைத்து மடித்து ஒரே அழுத்து. எல்லோரும் செய்தது தீப்பெட்டி. பச்சையில், சிவப்பில், மஞ்சளில் தீப்பெட்டி! மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகள்! ஒரு பூ இல்லை. ஒரு பறவை இல்லை. என் தம்பி விரலை நக்கிப் பார்த்து, “டீச்சர், இதுல துத்தம் போடலியா? கசக்கவே இல்ல” என்றான். நாம் பெட்டி ஒட்டும் பசையில் கலக்கிற அந்த விஷத்தின் கசப்பு அவனுக்குப் பழகியிருந்தது.

டீச்சர், “எல்லாம் நல்லா இருக்கு. போய்க் கையக் கழுவுங்க” என்றார். வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கரிசல் மண்ணைக் குழைத்துக்கொண்டு வந்து நடுவில் கொட்டினார். அன்று முதல் அந்த அறைக்குள் பசை வந்ததே இல்லை. மண்ணில் பிள்ளைகள் முதலில் பெட்டிதான் செய்தார்கள். பொங்கலுக்குள் மாடு செய்தார்கள், ரயில் செய்தார்கள், குடை பிடித்த டீச்சரைச் செய்தார்கள். இடுப்பு மட்டும் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது. “யாரு செஞ்சா இத? கண்ணு நல்லாத் தெரியுது அவனுக்கு” என்று அவரே சிரித்தார்.

டீச்சரிடம் குறையே இல்லையா? இருந்தது. பிள்ளைகளுக்கு முன்னால் அவர் தூங்கிவிடுவார்! ஒருநாள் கல்வி அதிகாரி சோதனைக்கு வந்தபோது, ஒரு சிறுமி பாயிலிருந்து எழுந்து உதட்டில் விரல் வைத்து, “சத்தம் போடாதீய. டீச்சர் இப்பத்தான் தூங்குதாவ” என்றாள். அதிகாரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய், அவர் விழிக்கும் வரை வேப்பமரத்தடியில் காத்திருந்தார். விழித்ததும் டீச்சர் அவருக்கும் ஒரு துண்டு கடம்பூர் போளி கொடுத்தார். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அதே அளவு துண்டுதான்.

அந்த மத்தியானங்களில் நான் எங்கே இருந்தேன்? கணக்கு வகுப்பில் இருந்தேன். எட்டாம் வகுப்பில் பின்னம் தெரியாத பெண், இன்று பத்தாம் வகுப்பில் இருக்கிறேன். என்னைப் போல் இன்னும் எத்தனை அக்காமார்! டீச்சர் எங்களுக்கு ஒரு பாடமும் நடத்தவில்லை. எங்கள் தம்பி தங்கைகளைத் தூங்க வைத்தார். அதனால் நாங்கள் படித்தோம்.

போன வாரம் நெஞ்சுவலியில் டீச்சர் போய்விட்டார். திங்கட்கிழமை முதல் பாலர் வகுப்பு பழையபடி மதியத்தோடு முடியும் என்று சொல்லியிருக்கிறார்கள். டீச்சர் போனார். டீச்சரின் மத்தியானமும் போக வேண்டுமா? அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, அவர் விரித்த பாயை நாமே சுருட்டலாமா?

தாளாளர் அய்யா அவர்களே, எங்கள் தகப்பனார் உங்கள் லாரியை ஓட்டுகிறார். நான் பேசுவது அவருக்குத் தெரியாது. இதில் தவறு இருந்தால் அது என் தவறு, அவருடையதல்ல. மாலை வரை பிள்ளைகளோடு இருக்க ஒரே ஓர் ஆசிரியையை நியமியுங்கள். மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சாப்பாட்டு நேரத்தில் அக்காமார் முறைபோட்டுக் கொட்டகையைக் கூட்டுவோம், பாய் விரிப்போம், மண் குழைத்து வைப்போம். டீச்சர் படத்தின் முன்னால் நின்று சொல்கிறேன்: அந்த அறைக்குள் இனியும் பசை வராது. எங்கள் தம்பி தங்கைகளின் மத்தியானத்தை நாங்கள் யாருக்கும்

சத்யா, கதவைத் தட்டுகிறார்கள். அப்பாவோ என்று நினைத்தேன். இல்லை, ஒட்டுவதற்கு வீடு வீடாகப் பெட்டிக்கட்டு போடுகிற வெயிலுமுத்து அண்ணாச்சி. “ஏட்டி முத்துச்செல்வி, கதவத் தெற. திங்கக்கெழமையிலேர்ந்து ஒந்தம்பி மத்தியானமே வந்திருவானாமே? அவனுக்கும் சேத்து ஒரு கட்டு கொண்டாந்திருக்கேன்”