பதினொரு மேற்பார்வையாளர்களும் தாவூத் ராவுத்தரும்

கனத்த மனத்தோடு தலைமை ஏற்றிருக்கும் செல்லத்துரை அவர்களே! பொள்ளாச்சியிலிருந்தும் சித்தூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே! கட்டிலை விட்டு இறங்கி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் முதியோர் இல்லத்துப் பெரியவர்களே! தாய்மார்களே! இல்லத்தின் காரியதரிசி துரைசுவாமியாகிய நான், அழாமல் பேசுவதாக என் மனைவியிடம் வாக்குக் கொடுத்து வந்திருக்கிறேன். பார்ப்போம்.

கொடை வள்ளல், கோபாலபுரத்தின் மளிகைச் செம்மல் தாவூத் ராவுத்தர் மறைந்துவிட்டார்! ஐம்பத்து மூன்றாம் ஆண்டு தம் கிடங்கைக் காலி செய்து இந்த இல்லத்தைத் தொடங்கினாரே, அன்று என்ன நடந்தது? ஊரார் கட்டில் கொடுத்தோம், ஓடு கொடுத்தோம், பாய் கொடுத்தோம். படுக்க மட்டும் ஒருவரும் வரவில்லை! "எம்பட மகன் சோறு போடலீன்னு ஊர் பேசறதுக்கா?" என்று வாசலோடு திரும்பினார் தள்ளாத வயதுச் சுப்பாத்தாள்.

ராவுத்தர் என்ன செய்தார்? மறுநாள் அவர் வீட்டுக்கே போய், "ஆத்தா, அங்கே ஒரு கிழவர் வரப்போறாருங்க. மேற்பார்வைக்கு ஆள் வேணும், நீங்க வரோணும்" என்றார். சுப்பாத்தாள் பெட்டியோடு வந்தார். மூணாறு எஸ்டேட்டில் முதுகு ஒடிந்த சின்னமுத்துவிடம், "ஒரு கிழவியம்மா தனியா இருக்காங்க, மேற்பார்வைக்கு வாங்க" என்றார். அவரும் வந்தார். இப்படியே பதினொரு பேர்! ஒருவரை ஒருவர் என்னமாய்க் கவனித்துக்கொண்டார்கள்! நாலு வருஷம் ஒருவருக்கும் சந்தேகமில்லை!

கேரள மாநிலம் பிறந்த மறு வருஷம் ஒரு மலையாள அதிகாரி வந்தார். பதிவு செய்யாத இல்லங்களை மூடவேண்டுமாம். "அந்தேவாசிகள் எத்தர பேர்?" என்றார். தங்கியிருப்பவர்களைக் கேட்கிறார். சுப்பாத்தாள் சின்னமுத்துவைக் காட்டினார். சின்னமுத்து சுப்பாத்தாளைக் காட்டினார். பதினொரு பேரும், "நான் மேற்பார்வைங்க!" அதிகாரி பேனாவை மூடினார். "ஆளில்லாத இல்லத்துக்குப் பூட்டுத்தான் வேணும்!"

அப்போதுதான், சபையோரே, நம் செம்மல் ஒரு கட்டிலில் தடாலென்று விழுந்தார்! இருமினார்! "நானுங்க! நாதியத்த கிழவனுங்க!"

"வயசு?"

"நாப்பத்தாறுங்க."

அந்த நேரம் பார்த்தா ராவுத்தரின் மனைவி ஹவ்வா அம்மையார் டீத் தூக்கோடு உள்ளே வரவேண்டும்? "ஏங்க, கடையைத் திறக்காம இங்கே என்ன படுக்கை?"

நான் சிரித்துவிட்டேன். அதிகாரியும் சிரித்தார். சுப்பாத்தாள் சிரிக்கவில்லை.

"எந்திரிங்க ராவுத்தரே. உங்களுக்குப் பொய்கூடச் சரியா வரல. ஏனுங்க ஆபீசரே, எழுதிக்குங்க. சுப்பாத்தா, எழுவத்திரண்டு. எனக்கு ஊடு இருக்குது, மகனும் இருக்கறான். அங்க எனக்கு எடந்தானுங்க இல்ல."

அதிகாரி மூடிய பேனாவைத் திறந்தார். பிறகு சின்னமுத்து எழுந்தார். "என் பேரையும் போடுங்கய்யா. வயசு தெரியாது, கெழவன்னு போடுங்க."

பதினொரு பெயரும் பதிவேட்டில் ஏறின. இல்லம் நின்றது. ராவுத்தரைத் தேடினேன்; கடைக்குள் மூட்டைக்குப் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மிளகாய்க் காரம்" என்றார். அது வெல்ல மூட்டை, ஐயா!

எத்தனையோ சொல்லலாம். ஒன்று சொல்லி முடிக்கிறேன். நாளுக்கு ஒரு வீட்டிலிருந்து சோறு வரும் என்பது அவர் செய்த ஏற்பாடு. அவரை அடக்கம் செய்த மறுநாள் வெள்ளிக்கிழமை. அது அவர் வீட்டு முறை! துக்கத்தில் நாங்கள் யாருமே நினைக்கவில்லை. பகல் பன்னிரண்டுக்கு இரண்டு குண்டான் சோறு வந்து இறங்கியது. கூடவே ஹவ்வா அம்மையார் சொல்லியனுப்பிய ஒரு வார்த்தை: "உப்புப் பார்க்கலை. பார்த்துக்கச் சொல்லுங்க."

துக்க வீட்டு அடுப்பு எரிந்ததே! நம் வீட்டு அடுப்புகள் அணையலாமா? நாளைச் சோறு நம் சென்னிமலை அவர்கள் வீட்டு முறை. எங்கே கை? நல்லது! நாளன்றைக்கு யார்? அதற்கு மறுநாள்? அடேயப்பா, எல்லோருமா! இறக்காதீர்கள். தூக்கிய கையோடு அப்படியே எழுந்து, ராவுத்தருக்காக ஒரு நிமிஷம் பேசாமல் நிற்போம்.