பதினேழாம் ஆண்டு மாடல்

புதிதாக வரும் காரை முதல் ஆண்டிலேயே வாங்கக் கூடாது என்று நோர்வேயில் இருக்கும் என் மகன் ஜெயரூபன் சொல்வான். அவன் அந்தப் பிழையைச் செய்தவன். 2013இல் அவன் எடுத்த மின்சாரக் காரில் பனி பெய்தால் கதவுக் கைப்பிடி வெளியே வராது. பிறகு அதைத் திருத்தினார்கள். ஒரு மோட்டார் இருந்தது இரண்டாயிற்று. முகப்பை மாற்றினார்கள், பற்றரியைப் பெருப்பித்தார்கள். 2017ஆம் ஆண்டு மாடல், நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீற்றர் வேகத்தை மூன்று வினாடிக்குள் தொட்டது.

"ஒவ்வொரு வருசமும் போன வருசத்துப் பிழையைத் திருத்துவினம் அப்பா" என்பான். எங்கள் குடும்பத்தில் அப்படித் திருத்த எதுவும் இருந்ததாக நான் நினைத்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் இதே பொலிஸ் நிலையத்தில் நீங்கள் எழுதி எடுத்த வாக்குமூலத்தில் காரைப் பற்றி நான் சரியாகச் சொல்லவில்லை. அதனால்தான் காரில் தொடங்குகிறேன்.

அந்தப் பதினேழாம் ஆண்டுக் காரை ஜெயரூபன், எங்கள் வீதிக்கு ஏற்ற வலப்பக்கச் சுக்கான் வேண்டுமென்று இங்கிலாந்தில் வாங்கி, புங்குடுதீவு மடத்துவெளியில் எங்கள் முற்றத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தான். கோயில் மரியாதையான முதல் காளாஞ்சி நாலு தலைமுறையாக எங்கள் கைக்குத்தான் வருகிறது. அப்படி ஒரு வாகனம் எங்கள் வீட்டில் நிற்பதில் ஊருக்கு வியப்பில்லை. அதில் ஒரு குறை மட்டும் இருந்தது. சத்தம் இல்லை.

புங்குடுதீவிலிருந்து வேலணைக்குக் கடலுக்குள்ளால் போகும் தாம்போதித் தெருவை நீங்கள் அறிவீர்கள். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று முதுகில் அடிக்கும் காலத்தில், பின்னால் வரும் வாகனத்தின் இரைச்சலைக் காற்றே முன்னுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும். ஆகவே அங்கே சைக்கிளில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. காதை நம்பிப் போவார்கள். எங்களுக்கு மீன் கொண்டுவரும் மாக்கிறேற் ஒருநாள் என் காருக்கு மயிரிழையில் தப்பினாள்.

"ஐயா, உங்கட கார் பேய் மாதிரியெல்லோ வருது. ஒருக்காச் செருமிப்போட்டு வரச் சொல்லுங்கோ" என்றாள்.

2021க்குப் பிறகு வந்த மாடல்கள் மெதுவாகப் போகும்போது ஒரு முனகல் சத்தம் போடும் என்று ஜெயரூபன் சொன்னான். சட்டமாம். மாக்கிறேற்றின் மகன் மிரோஜன் மின்சார வேலை தெரிந்தவன். அதேமாதிரி ஒரு சிறு பெட்டியைத் தானே செய்து பூட்டுவதாகச் சொல்லி வந்தான். இரண்டு நாள் வேலை. நாலாம் நாளும் வந்து நின்றான்.

"இன்னும் என்ன மிச்சம்?" என்று கேட்டேன்.

"சுருதி சேரேல்லை ஐயா."

குசினிக்குள் என் மகள் பிரியவதனி சிரித்தது எனக்குக் கேட்டது. மீன்கூடை வரும் படலையால் எங்கள் வீட்டுப் பெண் வெளியே போவாள் என்று அன்று நான் நினைக்கவில்லை.

ஒரு வருடம் கழித்து அவளே வந்து சொன்னாள்.

"திங்கட்கிழமை நானும் மிரோஜனும் கலியாணப் பதிவு வைச்சிருக்கிறம் அப்பா. நீங்கள் சாட்சிக் கையெழுத்து வைச்சால் எனக்குப் போதும்."

"நான் வராட்டில்?"

"வராட்டிலும் நடக்கும். நான் அழுதுகொண்டுதான் போவன்."

நான் ஏசவில்லை. சாப்பிடச் சொன்னேன். நான் கோபக்காரன் இல்லை.

ஞாயிறு பின்னேரம் மிரோஜன் வந்து, பதிவுக்கு அவள் உடுக்க ஒரு சேலையைக் கொடுத்துவிட்டுத் தாம்போதி வழியாகச் சைக்கிளில் திரும்பினான். நான் காரை எடுத்தேன். கார் பழைய மாடல், பூட்டிய பெட்டி வேலை செய்யவில்லை, அவனுக்குக் கேட்கவில்லை, அடிபட்டு இறந்தான். இதுதான் நான் உங்களிடம் சொன்னது. வயர் கழன்றிருந்தது என்று உங்கள் மெக்கானிக்கும் எழுதினார். விபத்து என்று முடிந்தது.

மிரோஜனுக்குத் தேவாலயத்தில் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு மாக்கிறேற் என் வீட்டுக்கு வந்தாள். கதிரையில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

"என்ர பிள்ளை வடிவாப் பூட்டேல்லைப் போல ஐயா. அவன்ர வேலைப் பிழையால உங்களுக்குப் பொலிஸ், கோடு கச்சேரி எண்டு அலைச்சல். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

பரவாயில்லை என்றேன். அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. பிறகும் அவள் வந்தாள், அதையே சொன்னாள்.

பிரியவதனி அந்தப் பெட்டியைக் காரிலிருந்து கழற்றித் தன் மேசையில் வைத்திருக்கிறாள். வயரைப் பொருத்துவாள், அது முனகும். கழற்றிவிட்டு மறுபடி பொருத்துவாள், மறுபடியும் முனகும். "இப்ப வேலை செய்யுது அப்பா. அண்டைக்கு ஏன் செய்யேல்லை?" என்று கேட்பாள். இரண்டு வருடமாகக் கேட்கிறாள். அவளுக்கு இருபத்தேழு வயது. அவள் அழுது நான் காணவில்லை. கண்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

மிரோஜனுடைய வேலை சுத்தமான வேலை. அதை நான்தான் சொல்ல வேண்டும். அந்த ஞாயிறுக்கு முதல்நாள், சனிக்கிழமை காலை அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது நான் முன்மூடியைத் திறந்து வயரைக் கழற்றினேன். வெட்டவில்லை. வெட்டினால் தெரியும். எனக்குச் சேராத மன்னிப்பை வாங்கிவைத்துக்கொண்டு முதல் காளாஞ்சிக்குக் கை நீட்ட என்னால் ஏலாது.

போன கிழமை ஜெயரூபன் தொலைபேசி எடுத்தான். இந்த ஆண்டு மாடல், குறுக்கே ஆள் நின்றால் தானே நிற்குமாம். "அந்தக் கார் உங்களிட்ட நிண்டிருந்தால் மிரோஜன் இருந்திருப்பான் அப்பா" என்றான். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு நான் இரண்டு இரவு நித்திரை கொண்டேன். மூன்றாம் நாள் நானே எடுத்துக் கேட்டேன். சாரதி வேக மிதியில் காலை முழுதாக அழுத்தினால் அந்தக் காரும் நிற்காமல் போகுமாம்.

மிரோஜனுக்குக் கேட்கவில்லை என்பது உண்மை. ஆனால் வெயில் என் முதுகுப் பக்கம் நின்றது. காரின் நிழல் அவனுக்கு முன்னால் போய் விழுந்தது. அவன் சைக்கிளால் இறங்கி, ஓரத்துக் கல்லோடு ஒதுங்கித் திரும்பிப் பார்த்தான். நான் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியை இறக்கினேன். கதைக்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பான். அதுவரை என்னை ஐயா என்றே கூப்பிட்டவன், சிரித்துக்கொண்டு, "எங்க மாமா இந்தப் பக்கம்?" என்றான். அவன் ஒதுங்கி நின்ற பக்கத்துக்கே காரைத் திருப்பிக் காலை அழுத்தினேன்.

அந்தச் சொல்லை அவன் சொல்லாமல் விட்டிருந்தால் நான் நிறுத்தியிருப்பேன் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன்.