தாட்சாயிணி எலிஜிபிள்

குந்து மச்சான், அப்படி நெழலாப் பாத்துக் குந்து. கொரட்டூர்லேர்ந்து ஏரிக்கரை வெயில்ல நடந்தே வந்துகீற. பூவை ஏன் மடியிலயே வெச்சுகினு கீற? தட்டுல வை, ஈரத்துணி போட்டு மூடறேன், வாடாது. தாட்சாயிணியா? உன் தங்கச்சி கூடத்தான் கீறா. பொம்பளைங்க கெளம்பறதுன்னா இன்னா சும்மாவா? நேரம் ஆவும்.

உன் பொண்டாட்டி வண்டி கட்டிகினு பின்னால வராளா? அவ வந்து பூ வெச்சுட்டுத்தான் போவீங்களா? சரி. நான் இன்னா சொல்ல முடியும், தாய்மாமன் நீ. பூ வெச்சுட்டா பேச்சு முடிஞ்சுது. அப்பால அவ உன் ஊட்டுப் பொண்ணு, நான் வாயத் தொறக்க முடியாது. ஊரு வழக்கம் அதான். அதுக்கு முன்னால கொஞ்ச நேரம் தொறந்துக்கறேனே. மருமவ மருமவன்ற, அவ அந்த ஐஸ்கூல்ல இன்னா படிச்சா, எப்படிக் குந்திப் படிச்சா, ஒன்னாவது தெரியுமா உனக்கு? நாளைக்கு நாலு பேரு கேட்டா நீ முழிக்கக் கூடாது பாரு. இந்தா, மோரக் குடி. உப்பு போதுமா?

நீ வந்ததும் வராததுமா இன்னா சொன்ன? கெவர்மெண்டே பொண்ண எலிஜிபிள்னு சொல்லிடுச்சு, இனிமே இன்னாடா கோதண்டம் யோசிக்கறன்ன. அந்த வார்த்தைய நீ மட்டுமா சொல்ற, அம்பத்தூர் பூராவும் அதான் பேச்சு. எல்லாம் அந்த எத்திராஜ் பண்ண வேல. தெரியாது? ஐஸ்கூல் குமாஸ்தா. ஆறாம் பாரம் பரீட்சை ரிசல்ட்டு கெஜட்டுல வந்துடுச்சுன்னு காயிதத்தத் தூக்கிகினு வந்து காபி கிளப்பு வாசல்ல நின்னு படிச்சான். தாட்சாயிணி எலிஜிபிள்னான். அப்படின்னா இன்னான்னு ஒருத்தன் கேட்டான். தகுதி ஆயிட்டான்னு அர்த்தம்னான். எதுக்குத் தகுதின்னு சொல்லணுமா வேணாமா? அதச் சொல்றதுக்குள்ள காபி வந்துடுச்சு, ஆறிப்பூடும்னு உள்ள பூட்டான்.

சாயங்காலம் பாத்தா பக்கத்து ஊட்டு நாகம்மா மஞ்சளும் புட்டுமா வாசல்ல நிக்கறா, பொண்ணு ஆயிட்டாளாமேன்னு. அவ பெரியவளாயி நாலு வருசம் ஆவுது, என் மச்சான்தான் வந்து சீரு செஞ்சாரு, உனக்குத் தெரியாதான்னு கேட்டேன். அது நம்ப கணக்கு அண்ணாத்தே, இப்போ கெவர்மெண்டு கணக்குல ஆயிருக்கா, அதான் காயிதத்துல போட்டுட்டாங்களேன்றா.

சிரி, நல்லா சிரி. ஐஸ்கூல்ல சேத்த கதயக் கேளு. எட்மாஸ்டர் ஜானகிராமன் சாரு நல்ல மனுசன். பொண்ணு படிக்கக் கூடாதுன்னு ரூலு இல்லன்னாரு. ஆனா குந்தறதுக்கு பெஞ்சும் இல்லன்னாரு. பெஞ்சுதானேன்னு நம்ப மாமரத்த அறுத்து நானே ஒன்னு செஞ்சு போட்டேன். அதுக்கப்பால கெளம்புச்சு பாரு கமிட்டி, பெஞ்ச எந்தப் பக்கம் பாத்துப் போடறதுன்னு. பசங்களுக்கு முன்னால போட்டா பசங்க அவ முதுகப் பாத்து கெட்டுடுவாங்களாம். பின்னால போட்டா அவ பசங்க முதுகப் பாத்து கெட்டுடுவாளாம். வாத்தியாரு பக்கத்துல போடலாம்னா அவரு இன்னும் கல்யாணம் ஆவாதவராம். மூணு தபா கூட்டம் போட்டு கடைசியில செவுத்தப் பாத்துப் போட்டாங்க. செவுரு யாரையும் கெடுக்காது, செவுத்தயும் யாரும் கெடுக்க முடியாதுன்னு ஒரு மெம்பரு எழுந்து சொன்னாராம், எல்லாரும் கைதட்டினாங்களாம்.

அந்தச் செவுத்துல உலக மேப்பு மாட்டியிருந்தாங்க. அதான் மச்சான், எம் பொண்ணு ஜியாக்ரபில மொதலு. மூணு வருசம் மூஞ்சிக்கு நேரா உலகம் தொங்கிச்சின்னா யாருக்குத்தான் வராது?

டிரில்லா? டிரில்லும் உண்டு. எல்லாப் பிள்ளைங்களும் டிரில் செஞ்சே ஆவணும்னு ரூலு. பொண்ணு கையத் தூக்கக் கூடாதுன்னு கமிட்டி. ரெண்டயும் மீற முடியுமா? பசங்க வெளிய டிரில் செய்யற நேரத்துல அவ உள்ளயே பெஞ்சுல குந்திகினு இருக்கணும்னு ஏற்பாடு. வருசக் கடைசில கார்டுல எழுதி அனுப்பினாங்க: டிரில், மிகவும் நன்று.

ஸ்கூல் லேசுப்பட்டதுன்னு நெனச்சுடாத. வாசல்ல பெரிய பலகை, அதுல எட்டு விருப்பப் பாடம் எழுதி வெச்சிருக்காங்க. எத வேணா எடுத்துக்கலாம். வாத்தியாரு கீறது ரெண்டு பாடத்துக்குத்தான். மீதிய விரும்பலாம், படிக்க முடியாது. ஸயின்ஸ் ரூம்பு தனியா கீது. கண்ணாடிச் சாமான் உடஞ்சிடும்னு பூட்டியே வெச்சிருப்பாங்க. தொர இன்ஸ்பெக்ஷன் வரார்னு தொறந்து தொடச்சாங்க, ஸயின்ஸ் வாத்தியாரே அன்னிக்குத்தான் மொத மொத உள்ள போயிப் பாத்தாரு. ரொம்ப நல்லா கீதேன்னாராம்.

அப்பால சிவிக்ஸுனு ஒரு பாடம். போன வருசம் லண்டன்ல ராஜாவுக்குப் பட்டாபிசேகம்னு மிட்டாய் குடுத்தாங்களே, அன்னிக்கு நடத்தினாங்க. ராஜாவோட பிரஜைங்க எல்லாரும் ஒன்னு, ஒசத்தி தாழ்த்தி கெடையாதுன்னு. மணி அடிச்சா வெளிய தண்ணிப் பான ரெண்டு. நம்ப கழனில வேல செய்யறானே வீராசாமி, அவன் பையன் எழுந்து, சார் இந்தப் பாடம் எந்தப் பானைக்கு சார்னு கேட்டுட்டான். பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெச்சுட்டாங்க. ஒசரமா நின்னா ரெண்டு பானையும் நல்லாத் தெரியும்ல.

அந்தத் தொர வந்த அன்னிக்குத்தான் ஒன்னு நடந்துது. பொண்ணு செவுத்தப் பாத்துகினு குந்தியிருந்தா தொர இன்னா நெனப்பாருன்னு எட்மாஸ்டருக்கு பயம். காலையிலயே பெஞ்ச போர்டப் பாத்துத் திருப்பிப் போட்டுட்டாரு. தொர காரு ஏறின ஒடனே மறுபடியும் செவுத்துக்குத் திருப்பிட்டாங்க. தாட்சாயிணி ஊட்டுக்கு ஓடியாந்து சொல்றா, நைனா, அந்த போர்டு நாலு மூலையும் சரியா கீது நைனா, நான் இத்தினி நாளா கோணலா ஆணி அடிச்சிருக்காங்கன்னு நெனச்சேன்றா. நானும் சிரிச்சேன். அன்னிக்கு எனக்கு ஒன்னும் புரியல.

இன்னா எழுந்துட்ட? ரயில் சத்தமா? அது கூட்ஸு மச்சான், இங்க நிக்காது. பட்டணம் போற பாஸஞ்சரு இன்னும் வரல. உனக்கு இன்னாத்துக்கு ரயிலு, கூப்பிடு தூரத்துல ஸ்டேஷன் கீதுன்னா தினம் இப்படித்தான் சத்தம் வரும். குந்து, குந்து. இன்னொரு சொம்பு மோரு ஊத்தறேன். உள்ள போயி பாக்கறியா? இன்னாத்துக்கு? பொம்பளைங்க சமாச்சாரம், நம்பளுக்கு இன்னா அவசரம். உன் பையன் கதையே இன்னும் சொல்லலியே நான்.

வரதனக் கொற சொல்ல மாட்டேன். தங்கமான பையன். எம் பொண்ணு நாலாம் பாரம் சேரும்போது அவன் அஞ்சாம் பாரம். அவ அஞ்சாம் பாரம் வந்தா, அப்பவும் அவன் அஞ்சாம் பாரம். மொறப் பொண்ணாச்சே, காத்துகினு இருந்தான். அப்பால ரெண்டு பேரும் ஒன்னா ஆறாம் பாரம்.

சனிக்கெழம சனிக்கெழம டிபேட்டிங் வெப்பாங்க. கிராமம் ஒசத்தியா, பட்டணம் ஒசத்தியான்னு இங்கிலீசுல பேசணும். ரெண்டு கட்சிக்கும் வாத்தியாரே எழுதிக் குடுத்துடுவாரு, பசங்க நெட்டுரு போட்டு ஒப்பிக்கணும். வரதன் கிராமத்துக் கட்சி. எழுந்து நின்னு கடகடன்னு பட்டணத்தோட பேச்ச ஒப்பிச்சுட்டான், காயிதம் மாறிப்போச்சு. எதிர்க் கட்சிக்காரனுக்குப் பேச ஒன்னும் மிச்சமில்ல, நானும் அதான் சொல்றேன்னுட்டு குந்திட்டான். சண்டையே இல்லாம முடிஞ்ச டிபேட்டிங் நம்ப ஜில்லாவுலயே இதான்னு எட்மாஸ்டரு பாராட்டினாரு. பரிசு வரதனுக்குத்தான்.

ஆனா ஸ்கவுட்டுல அவன் மெய்யாலுமே கெட்டிக்காரன். காக்கிச் சட்ட, கழுத்துல துணி, கையில கம்பு, சோக்கா இருப்பான். ஸ்கவுட்டுப் பையன் தினம் ஒரு நல்ல காரியம் செய்யணும், செஞ்சத மாஸ்டர்கிட்ட சொல்லணும். அத்தினி பசங்களுக்கும் தினம் நல்லது செய்யறதுக்கு அம்பத்தூர்ல கஷ்டத்துக்கு எங்க போறது? துலுக்கானம் மாட்டு வண்டிய மதகாண்ட சேத்துல எறக்கி வுட்டுடுவாங்க. அப்பால எல்லாருமா சேந்து தள்ளி மேல ஏத்துவாங்க. துலுக்கானம் ஒரு நாளு கையெடுத்து கும்பிட்டுட்டான், தம்பிங்களா, இன்னிக்கு ஒரு நாளாவது எனக்கு நல்லது பண்ணாதீங்கப்பான்னு.

முடிச்சு போடவும் அங்கதான் கத்துகினான். கயித்துல இத்தினி தினுசு கீதுன்னு நான் கண்டேனா? நம்ப கன்னுக்குட்டிய ஒரு தபா கட்டினான், அவுக்க முடியாம கயித்தயே அறுத்தோம். நீ அன்னிக்கு இதே எடத்துல குந்திகினு இன்னா சொன்ன? இந்த ஜம்புலிங்கம் பையன் எத்தினி முடிச்சு வேணா கத்துக்கட்டும், அவன் போட வேண்டியது மூணு முடிச்சுதான், அத உன் பொண்ணு கழுத்துல போடுவான்ன. ஞாபகம் கீதா? எனக்கு கீது.

எலிஜிபிளுக்கு வரேன். கெஜட்டுல வரதன் நம்பரு இல்ல. தலய ஏன் குனியற, அடுத்த வருசம் எழுதட்டும். நான் கேக்கறது வேற. உன் கணக்குப்படி எலிஜிபிள்னா கல்யாணத்துக்குத் தகுதி. அப்போ வரதனுக்கு கெவர்மெண்டு இன்னும் உத்தரவு குடுக்கலியே? உத்தரவு இல்லாத மாப்பிள்ளைக்கு நான் எப்படிப் பொண்ணு குடுக்கறது? கோவிச்சுக்காத மச்சான், நீ போட்ட சட்டந்தான். ஆம்பளைக்கு அதெல்லாம் வேணாமா? சரி, வேணாம்.

எதுக்குத்தான் எலிஜிபிள்னு எட்மாஸ்டரயே போயி கேட்டுட்டேன். காலேஜுல சேர்றதுக்குன்னாரு. கல்யாணம்னு அதுல ஒரு எழுத்துகூட இல்லியாம். பட்டணத்துல கடக்கரப் பக்கம் பொம்பளப் பசங்களுக்குன்னே காலேஜு கீதாம், ஆஸ்டலோட.

நான் ஒன்னும் பெரிய யோசனக்காரன் இல்ல. மொதல்ல உன்ன மாதிரிதான் நெனச்சேன், படிச்ச வரைக்கும் போதும்னு. அன்னிக்கு சோறு துன்னக் குந்தினோம். நான் எதிர்ல கீறேன். அவ எங்கிட்டதான் பேசறா. ஒடம்பு அந்தாண்ட செவுத்தப் பாத்து கீது, கழுத்து மட்டும் எம்பக்கம் திரும்பி கீது. ஏம்மா கோணலா குந்தற, நேரா குந்துன்னேன். நேராத்தான் நைனா கீறேன்னா. மூணு வருசம் மச்சான். போர்டப் பாக்க எடது பக்கமாவே திருப்பித் திருப்பி அவளுக்கு அதான் நேருன்னு ஆயிடுச்சு. நான் செஞ்ச பெஞ்சு அது.

மறுநாளு எட்மாஸ்டராண்ட போயி, காலேஜுல பெஞ்சு எந்தப் பக்கம் பாத்து போட்டிருப்பாங்கன்னு கேட்டேன். அவரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. போர்டப் பாத்துத்தான் போட்டிருப்பாங்க கோதண்டம்னாரு. அவ்ளோ போதும் எனக்கு.

இரு... ஆங், இதான் பாஸஞ்சரு. நின்னுடுச்சு. ஊதறான் பாரு. கெளம்பிடுச்சு. போவட்டும், உங்க கொரட்டூர் ஏரியத் தொட்டாப்பலதான் போவும்.

இப்போ துணிய எடுத்துடலாம் மச்சான், பூவு வாடாமத்தான் கீது. வெக்கறதுக்குத் தலதான் இங்க இல்ல. அந்த ரயில்ல கீது. உன் தங்கச்சி பொன்னம்மாதான் கூட்டிகினு போறா, ஆஸ்டல்ல வுட்டுட்டு நாளைக்கு வந்துடுவா. அண்ணன் வந்து பூ வெச்சுட்டா நீயும் வாயத் தொறக்க மாட்ட, நானும் தொறக்க மாட்டேன்னு எங்கிட்ட அவதான் சொன்னா. நீ ரயிலுக்கு முன்னால வருவன்னு யாரு கண்டா? ஸ்டேஷனுக்குப் போயி கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துடுவியேன்னுதான் உன்ன இங்க குந்த வெச்சுகினு இருந்தேன்.

கத்தாத. இனிமே இந்த ஊட்ல பச்சத்தண்ணி தொட மாட்டியா? மோரு குடிக்கறதுக்கு முன்னால சொல்றதுதானே.

வரதன் முன்னால எந்த மூஞ்சிய வெச்சுகினு நிப்பன்ற. நீ இன்னாத்துக்கு நிக்கணும்? அவனே இப்போ ஸ்டேஷன்லேர்ந்து வருவான். பெட்டிய சைக்கிள்ல வெச்சு தள்ளிகினு போனதே அவன்தான். மாமா, இன்னிக்கு மெய்யாலுமே நல்ல காரியம், ஸ்கவுட்டு மாஸ்டர்கிட்ட பொய் சொல்ல வேணாம் மாமான்னு சிரிச்சுகினே போனான். அந்த ட்ரங்குப் பெட்டிக்குத் தாழ்ப்பா சரியில்ல, வழில தொறந்துக்கப் போவுதுன்னு உன் தங்கச்சிக்கு பயம். வரதன் கயிறு கேட்டு வாங்கினான். நீ ஆசப்பட்ட மாதிரியே மச்சான், உம் பையன் அவன் கையாலயே மூணு முடிச்சு போட்டான். நல்லா இறுக்கி, யாரும் அவுக்க முடியாத முடிச்சா போட்டான். பெட்டிக்கு.