செத்தவீட்டில் சிரித்தவள்

– கதவைத் திறக்காட்டிலும் பரவாயில்லை, கம்சிகா. அப்பிடியே உள்ளுக்க இருந்து கதையும். முதல்ல உம்மட மனதில கிடக்கிற உணர்வுக்கு ஒரு பேர் வையும் பாப்பம்.

– றஞ்சனிச் சித்தி, ஏன் திடீரெண்டு என்னை நீர் எண்டுறியள்?

– பயிற்சியில அப்பிடித்தான் சொல்லித் தந்தவை. உளவளத்துணை செய்யேக்க பிள்ளையளோட மரியாதையாக் கதைக்கோணுமாம்.

– மத்தியானச் சாப்பாடு நல்லாயிருந்ததெண்டு சொன்னியள், அந்தப் பயிற்சியோ?

– சேட்டிபிக்கற்றும் தந்தவை. அதை விடும். உணர்வுக்கு என்ன பேர்?

– வெக்கம்.

– நல்லது. வெக்கம் எண்டால் அடுத்ததாக் கேக்கிறதுக்கு ஒரு கேள்வி இருந்தது, மறந்து போனன். சரி, ஏன் வெக்கம்?

– ஏனெண்டு தெரியாதோ? பெரியப்பான்ர செத்தவீட்டில நான் சிரிச்சதை உலகம் முழுக்கப் பாத்திட்டுது.

– உலகம் முழுக்க ஆர் பாத்தது? கனடாவில பெரியப்பான்ர மகன் நிமலன் வீட்டில நேரலையில பாத்தவை. சுவிஸில உம்மட மச்சாள் அஜந்தா ஆக்கள். லண்டனில உம்மட மாமி. பேந்து ஆரோ அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஊர்ச்சங்கக் குறூப்பில போட்டதால நோர்வேக்காரரும் அவுஸ்ரேலியாக்காரரும். அவ்வளவுதான்.

– இதுதான் ஆறுதலோ சித்தி?

– உள்ளதை மறைக்கக்கூடாதெண்டும் சொல்லித் தந்தவை.

– நான் வேணுமெண்டு சிரிக்கேல்லை. எல்லாரும் வாய்க்கரிசி போட்டுக் குழறி முடிய, அந்தக் கமெராக்காரப் பிரதாபன் வந்து, "அம்மாமார், லைன் கட்டாப் போச்சு. கனடாவில ஒண்டும் தெரியேல்லையாம். ஒருக்காத் திரும்ப அழுங்கோ" எண்டான்.

– அவனும் பாவம். தீவால போற கடைசிப் படகைப் பிடிக்கோணுமெண்ட அவசரம் அவனுக்கு.

– அதுக்குப் பெரியம்மா கண்ணைத் துடைச்சுப்போட்டு, "எதில இருந்து தம்பி தொடங்க?" எண்டு கேட்டவ. என்னால அடக்க ஏலாமப் போச்சு.

– நீர் சிரிச்சது கூடப் பெரிய பிழையில்லை. அந்த நேரம் பாத்து லைன் திரும்பி வந்ததுதான் பிழை. அதுக்கும் கொம்மா ஒரு வழி செய்திட்டா. கேக்கிற ஆக்களுக்கெல்லாம், என்ர பிள்ளைக்கு அழுற முகமே சிரிக்கிற மாதிரித்தான் எண்டு சொல்லி வைச்சிருக்கிறா.

– அப்ப இனி நான் சிரிச்சால்?

– அதை அவ யோசிக்கேல்லை. இப்ப நான் சொல்லுறதைக் கேளும். இண்டைக்குப் பக்கத்தில பெரியப்பா வீட்டில எட்டாம் நாள், எட்டுச் செலவு. பிரதாபன் திரும்பக் கமெராவோட வந்திருக்கிறான். நீர் அங்க வந்து, பெரியப்பான்ர படத்துக்குப் பக்கத்தில நிண்டு ஒரேயொருக்கா நல்லா அழுதீரெண்டால் சரி. பேந்து குறூப்பில ஒருத்தரும் வாய் திறக்க மாட்டினம்.

– எனக்கு அழுகை வராது.

– அங்க குசினியில படையலுக்கு வெங்காயம் வெட்டுகினம். அதில போய்க் கொஞ்சநேரம் இரும்.

– பகிடி விடாதேங்கோ சித்தி. உண்மையா வரேல்லை. அண்டைக்கும் வரேல்லை, இண்டைக்கும் வரேல்லை. ஆக்கள் பாத்தது கூட எனக்குப் பெரிசில்லை. ரியூசன் முடிஞ்சு நான் குறிகட்டுவான் படகால வந்து இறங்கேக்க, துறையில பெரியப்பாதான் சைக்கிளோட நிப்பார். மழை நேரத்தில தன்ர சால்வையால சீற்றைத் துடைச்சுப்போட்டுத்தான் என்னை ஏத்துவார். அந்த மனுசனுக்கு நான் குடுத்து விட்டது ஒரு சிரிப்பு. எனக்கு நெஞ்செண்டு ஒண்டு இல்லையோ எண்டு பயமாக் கிடக்கு.

– அது வெக்கமில்லை பிள்ளை. அது குற்றவுணர்வு. வெக்கம் வேற, குற்றவுணர்வு வேற எண்டு பயிற்சியில படம் கீறிக் காட்டினவை.

– என்ன வித்தியாசம்?

– அந்த நேரம்தான் தேத்தண்ணி குடுத்தவை.

– சித்தி, நீங்கள் போங்கோ.

– எப்பிடிப் போறது? கையோட கூட்டிக்கொண்டு வாறன் எண்டு நிமலனுக்குப் போனில சொல்லிப்போட்டெல்லோ வந்தனான். எடியே கம்சிகா, நீ இப்ப திறக்கப்போறியோ, இல்லையோ?

– இப்பதான் நீங்கள் என்ர சித்தி மாதிரிக் கதைக்கிறியள்.

– றஞ்சனி, பிள்ளையோட கத்தாதை.

– ஐயோ, கேதீஸ்வரி அக்கா. மனுசன் செத்து எட்டு முடியமுந்தி நீங்கள் படலை தாண்டக்கூடாதெல்லோ.

– படலையால ஆர் வந்தது? பின்வேலி ஓட்டைப் பொட்டால பூந்து வந்தனான்.

– பெரியம்மாவோ வந்திருக்கிறா? சித்தி, நான் இல்லையெண்டு சொல்லுங்கோ.

– அறையை உள்ளுக்க பூட்டிக்கொண்டு இருக்கிறவளை நான் எப்பிடியடி இல்லையெண்டு சொல்லுறது?

– பிள்ளை, கதவைத் திற.

– உங்கட முகத்தைப் பாக்க எனக்கு ஏலாது பெரியம்மா. நான் உங்களைப் பாத்துத்தான் சிரிச்சனான்.

– தெரியும். மனுசனைப் பெட்டிக்குள்ள வைச்சுக்கொண்டு, எதில இருந்து தொடங்க எண்டு கேட்டவளைப் பாத்து வேற என்ன செய்யிறது? தாலி கட்டேக்க நான் தும்மினதையே சாகும் வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிச்ச மனுசன் அவர். அண்டைக்கு மட்டும் உசிரோட இருந்திருந்தால் இதையும் ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சிருப்பார். அவருக்குப் பதிலாச் சிரிக்க அந்தச் சனத்துக்க நீ ஒருத்தி எண்டாலும் இருந்தாய்.

– அக்கா, அங்க உங்களைத் தேடப்போகினம். இவளையும் இழுத்துக்கொண்டு கெதியா வாங்கோ.

– தேடட்டும். அதுக்காகத்தானே வந்தனான். வெளிச்சம் காணாதெண்டு அந்தப் பொடியன் கதிரையை மாத்தி மாத்தி என்னை இருத்துறான். நிமலன் போனில நிண்டு, "அம்மா, அண்டைக்குப் போல அழுங்கோ, இஞ்ச வீட்டில சனம் வந்திருக்கு" எண்டுறான். என்ர மனுசனை ஆறுதலா இருந்து நினைக்க எனக்கு ஒரு இடம் இல்லை றஞ்சனி. பிள்ளை, திற. நானும் உள்ளுக்க வாறன்.

– என்ன அக்கா இது? அவளை வெளியில எடுக்கவெல்லோ நான் வந்தனான். நீங்களும் உள்ளுக்க போனால்?

– திறந்திட்டாள். தள்ளி நில்லு பிள்ளை. பூட்டு, நல்லாப் பூட்டு. கிட்ட வந்து இரு.

– பெரியம்மா, தாலி கட்டேக்க உண்மையாத் தும்மினனீங்களோ?

– ஐயர் கெட்டிமேளம் எண்டு கையைத் தூக்க, நான் ஒரு தும்மல் தும்ம, உன்ர பெரியப்பா திடுக்கிட்டுப்போய்த் தாலியைக் கீழ விட்டிட்டார். நல்லகாலம், அப்ப கமெரா இல்லை. சனம் எல்லாம் அபசகுனம், அபசகுனம் எண்டு குசுகுசுக்குது. அவர் குனிஞ்சு அதை எடுத்துச் சால்வையால துடைச்சுப்போட்டு, என்ர காதுக்க வந்து, "இன்னும் தும்மல் இருந்தா இப்பவே தும்மும், நான் காவல் நிக்கிறன்" எண்டார். கட்டின பிறகும் அவருக்குச் சிரிப்பு அடங்கேல்லை. என்ன பிள்ளை? அழுறியோ? அழு. இஞ்ச பாக்கிறதுக்கு ஒருத்தரும் இல்லை.

– அக்கா, உள்ளுக்க என்ன சத்தம்? நிமலன் லைனில நிக்கிறான், நான் என்னத்தைச் சொல்லுறது? ஆர் அழுறது, ஆர் சிரிக்கிறது?

– லைன் இல்லையெண்டு சொல்லு, றஞ்சனி. அழுறது பிள்ளை. சிரிக்கிறது நான்.