டார்கெட் 480

எங்கள் வீட்டு மாடியில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும், சார். காலையில் காபியோடு மேலே போனால் உலகச் செய்தி முழுவதையும் பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன். முழங்கால் போய் கம்பெனி வேலையை விட்ட பிறகு எனக்கு வேறு பொழுதில்லை. கீழே நாலு அறை கட்டி, ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு விட்டிருக்கிறேன்.

'விழிப்போம்' என்ற வாட்ஸ்அப் குழுவுக்கு நான்தான் அட்மின். ஐந்நூறு பேர். போன மாதம் வடக்கே ஒரு சந்தையில் குண்டு வெடித்துப் பதினாறு பேர் செத்தார்கள். ஒரு தீவிரவாத இயக்கம் தானே செய்ததாக அறிக்கையும் விட்டது. எனக்கு அது ஒப்பவில்லை. இவ்வளவு பெரிய காரியத்தை நாலு பையன்களா செய்வார்கள்? பின்னால் வெளிநாடு இருக்கிறது என்று பேசிப் பதிவு போட்டேன். எல்லோரும் ஆமாம் என்றார்கள். டீக்கடை கோதண்டம் மட்டும், "ஆதாரம் கீதா, திருமல? இல்ல, மொட்ட மாடில குந்திகினு கத வுடுறியா?" என்று குழுவிலேயே கேட்டான். அதற்கு நாற்பது பேர் சிரித்தார்கள். ரொம்ப வலித்தது, சார்.

மறுநாள் மூன்றாம் அறையில் குழாய் ஒழுகுகிறதென்று பார்க்கப் போனேன். அங்கே இருந்தவர் ஹிரேன், அசாம்காரர். இரண்டு வருடமாக இருக்கிறார். நல்ல மனிதர், ஊருக்குப் போய் வந்தால் என் முழங்காலுக்குத் தைலம் கொண்டுவருவார். அப்போது அவர் வேலைக்குப் போயிருந்தார். கட்டிலில் ஒரு நோட்டு. தேதி, நேரம், பக்கத்தில் 'டார்கெட் 480'. அடுத்த தேதிக்கு 'டார்கெட் 510'. படம் பிடித்துக் குழுவில் போட்டேன். பொய் ஒன்றும் எழுதவில்லை. "நேரத்தைப் பாருங்கள். டார்கெட்டைப் பாருங்கள். முகத்தையும் பாருங்கள்" என்று எழுதி, அறை எடுக்கும்போது அவர் தந்த போட்டோவைச் சேர்த்தேன். அவ்வளவுதான்.

ஞாயிறு காலை தண்ணீர்த் தொட்டி அருகே ஊர்க்காரர்கள் அவரைப் பிடித்துவிட்டார்கள். நானும் போனேன். அவர் வாயெல்லாம் ரத்தம். கூட்டத்தில் என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்துவிட்டது.

"அண்ணா, நீ சொல்லு. டார்கெட்னா இன்னா, நீ சொல்லு அண்ணா."

சொல்லியிருக்கலாம். பதினொரு வருடம் கம்பெனி லைனில் நின்றவன் நான். ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை பீஸ் முடிக்க வேண்டும் என்பதுதான் டார்கெட். என் சட்டைப் பையிலும் அப்படி ஒரு நோட்டு இருந்த காலம் உண்டு. படம் பிடிக்கும்போதே எனக்குத் தெரியும். அங்கே அடித்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேருக்கும் தெரியும். ஆனால் கோதண்டம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எதிரில் எப்படி மாற்றிப் பேசுவது? ஹிரேன் மூன்று முறை கேட்டார். பிறகு கேட்கவில்லை. கடைசியில் கோதண்டம்தான் அவர்மேல் விழுந்து மறைத்தான். அவன் கையும் உடைந்தது. அதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

என் மனைவி செங்கமலம் மூன்று நாளாக என்னிடம் பேசவில்லை. என் கையில் என்ன இருந்தது, சார், சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்க்காரர்கள் சாதுவானவர்கள். கோழி அறுக்கவே ஆள் தேடுவார்கள். அவர்களாக ஒருவரை அடித்துக் கொல்ல மாட்டார்கள். இதற்குப் பின்னாலும் வெளிநாடு இருக்கிறது. என் போனைக் கொடுங்கள், ஆதாரம் காட்டுகிறேன்.