முடியாதுன்னு சொல்லு

— இன்னொரு தடவை. சட்டை பட்டனைத் தானா போட முடியுமா?

— முடியு...

— அக்கா.

— வாய் தானா போயிடுதுடி. சரி, சரி. முடியாது.

— சொல்லும்போது சிரிக்காத. வர்றவர் விளையாட்டுன்னு நினைச்சுக்கப் போறார்.

— முப்பது வருஷம் தையல் கடை வச்சிருந்தவ நான். நாளைக்குக் காலையில சட்டை வேணும், முடியுமாம்பாங்க. முடியும்பேன். கிழிசல் தெரியாம தைக்க முடியுமாம்பாங்க. முடியும்பேன். ஒரு தடவை முடியாதுன்னு சொல்லிப் பாரு, நேரா அடுத்த கடைக்குப் போயிடுவாங்க.

— இவர் துணி குடுக்க வரலை. உதவித்தொகை ஆபீஸ்லேர்ந்து வர்றார். போன வருஷம் வந்தவர்கிட்ட என்ன பண்ணின, ஞாபகம் இருக்கா?

— அது கெடக்கட்டும்.

— கெடக்காது. அவர் சட்டைக் கையில பட்டன் தொங்குதுன்னு, ‘கழட்டிக் குடுங்க சார், ரெண்டு நிமிஷத்துல தைச்சுத் தரேன்’னு சொன்ன. விரல் மடங்காத கையை வச்சுக்கிட்டு. மனுஷன் ‘தையல் வேலை செய்கிறார்’னு எழுதிட்டுப் போயே போயிட்டார்.

— பாவம்டி, ஒத்த நூல்ல தொங்கிட்டு இருந்துச்சு.

— நாமதான் இப்ப ஒத்த நூல்ல தொங்கறோம். சொல்றதைக் கேளு. இந்தத் தடவையும் தள்ளிட்டாங்கன்னா ஒண்ணாம் தேதி நான் சலவைக் கம்பெனி வேலைக்குத் திரும்பியாகணும். நீ அந்தப் பராமரிப்பு இல்லத்துக்குப் போயாகணும்.

— எட்டுக் கட்டில் போட்ட ரூம். ஜன்னலைத் திறக்க விட மாட்டாங்க. போய்ப் பார்த்துட்டு வந்த அன்னைக்கு எனக்குத் தண்ணி கூட இறங்கலடி.

— அதான் சொல்றேன். என்ன கேட்டாலும் ‘முடியாது’. பொய் ஒண்ணும் இல்லையே, நிஜம்தானே?

— நிஜம்தான். அதனாலதான் வாயில வர மாட்டேங்குது.

— கொஞ்சம் முன்னால சாய். முதுகுக்குத் தலகாணி வைக்கிறேன்.

— நீ ஏன் ஒரு பக்கமா சாஞ்சு நிக்கற?

— தூங்கினது சரியில்ல.

— சரி, என் வலி மாத்திரையை எடு.

— தீர்ந்து போச்சு. சாயங்காலம் வாங்கிட்டு வரேன்.

— ஒண்ணாம் தேதி ஒரு மாசத்துக்கு வாங்கினது. இன்னைக்கு பதினெட்டுதான் ஆகுது.

— கடையில குறைச்சுக் குடுத்திருப்பாங்க. பெல் அடிக்குது, வந்துட்டார். அக்கா, என் மூஞ்சியைப் பாரு. என்ன சொல்லணும்?

— முடியாது.

— உள்ள வாங்க சார், உட்காருங்க. அக்கா இவங்கதான். மாடிப்படியில லைட் எரியல, சிரமப்பட்டீங்களோ?

— பரவாயில்லம்மா. முதல்லயே சொல்லிடறேன். நீங்க சொல்றதை மட்டும்தான் எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். ஒவ்வொரு கேள்விக்கும் மூணு கட்டம். தானே முடியும், துணையோட முடியும், முடியாது. படுக்கையிலேர்ந்து தானா எழுந்திரிக்க முடியுமாம்மா?

— முடியாது சார். தங்கச்சிதான் தூக்கி உட்கார வைக்கணும்.

— குளிக்க?

— முடி... முடியாது. ஸ்டூல்ல உட்கார வச்சு அவதான் தண்ணி ஊத்துறா.

— சட்டை பட்டன்? யாரு போட்டு விடறாங்க?

— இன்னைக்கு நானேதான் போட்டேன் சார்.

— அக்கா.

— அப்ப ‘தானே முடியும்’ கட்டத்துல...

— சார், ஒரு நிமிஷம். அதுக்கு எனக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு கேளுங்க.

— நேரம் எழுதக் கட்டம் இல்லம்மா.

— கட்டம் கெடக்கட்டும் சார், காதுல வாங்கிக்கங்க. ஆறு பட்டன். இவ பால் வாங்கப் போன நேரத்துல, ஆறரைக்கு ஆரம்பிச்சேன். இவ வந்து சமையல்ல இருந்தப்பவும் விடல. நாலாவது போடும்போது பக்கத்து வீட்டுப் பசங்களை ஏத்திட்டுப் போக ஸ்கூல் வண்டி வந்துடுச்சு. அஞ்சாவதுல அழுதுட்டேன். ஆறாவது, இதோ பாருங்க, இடம் மாறி மாட்டியிருக்கு. ஊர்ச் சட்டைக்கெல்லாம் காஜா எடுத்து பட்டன் தைச்ச கை சார் இது. ஒரு ஆள் வீட்டுக்கு வர்றார், ஒழுங்கா உட்காரணும்னு தோணுச்சு. வேற ஒண்ணும் இல்ல. எழுதுங்க. முடியாது.

— எழுதிட்டேன்மா. ஸ்பூன் பிடிச்சு சாப்பிட?

— முடியாது.

— பாத்ரூம் போக?

— முடியாது. அதையும் கேட்டுத்தான் ஆகணுமா சார்?

— ஃபார்ம்ல இருக்கும்மா. மன்னிச்சுக்கங்க. அவ்வளவுதான், உங்க பாகம் முடிஞ்சுது. புள்ளிகள் தேவைக்கு மேலயே வந்திருக்கு. உங்க பாகத்தைப் பொறுத்தவரைக்கும் தொகை கிடைக்கறதுல சிக்கல் இருக்காது.

— அப்பாடா. அக்கா, கேட்டியா?

— கேட்டேன். சார், உங்க காலர் ஓரம் பிரிஞ்சிருக்கு.

— அக்கா.

— பார்த்ததைச் சொன்னேன். தைச்சுத் தரேன்னா சொன்னேன்?

— வீட்டுல போய்ப் பார்த்துக்கறேன்மா. அடுத்தது பராமரிக்கிறவங்க பாகம். இது உங்களுக்கு. இதுல ரெண்டே கட்டம், முடியும், முடியாது. அக்காவை நீங்க ஒருத்தரேதான் தூக்கறீங்களா?

— ஆமா சார். ஒரு நாளைக்கு எட்டு, பத்து தடவை இருக்கும்.

— உங்க உடம்புக்கு ஏதாவது?

— ஒண்ணும் இல்ல சார்.

— தொடர்ந்து இவங்களைப் பார்த்துக்க முடியுமா?

— முடியும்.

— எவ்வளவு சுலபமா வருது பாரு உனக்கு.

— அக்கா, சும்மா இரு.

— சார், இன்னும் எழுதிடாதீங்க. என் முதுகுக்குப் பின்னால இருக்கற தலகாணியை எடுங்க.

— அக்கா, வேணாம்.

— அந்த உறை நான் தைச்சது சார். ஓரத்துல நாலு விரல் அகலத்துக்கு மட்டும் தையல் கோணிட்டுப் போச்சு. என் தையல் அப்படிப் போகாது. போன வாரம் இவ கடைக்குப் போனப்ப பல்லால கடிச்சுப் பிரிச்சேன், உள்ள இவ ஒளிச்சு வச்ச டாக்டர் சீட்டு. படிச்சுட்டு உள்ளேயே திணிச்சு வச்சிருக்கேன். எடுத்து வாசிங்க.

— ‘முதுகுத்தண்டில் தட்டு விலகியுள்ளது. விரைவில் அறுவை சிகிச்சை தேவை. எடை தூக்கினால் கால்கள் செயலிழக்கக்கூடும்.’ இது உங்க சீட்டாம்மா?

— அது பழசு சார்.

— போன மாசத் தேதி போட்டிருக்கே.

— எப்பவாவதுதான் வலிக்கும் சார். மாத்திரை போட்டா சரியாயிடும்.

— என் மாத்திரையைத்தானே?

— உனக்குக் குடுக்கற வேளையில நான் எதையும் குறைக்கலையே அக்கா. எனக்கு வலிக்கிறப்ப மட்டும்தான் எடுத்தேன்.

— அம்மா, ரெண்டு பேரும் நல்லா கேட்டுக்கங்க. சீட்டு ஒட்டறதுக்கு இதுல இடம் இல்ல. நீங்க வாயால சொல்றதுதான் கணக்கு. பார்த்துக்க வீட்டுல ஆள் இருந்தாத்தான் இந்தத் தொகை. தங்கச்சியால முடியாதுன்னு எழுதினா, அக்காவை இல்லத்துக்குத்தான் நான் எழுதியாகணும். நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க.

— யோசிக்க என்ன சார் இருக்கு? முடியும்னு போடுங்க. அக்கா, உன் கால்ல வேணா விழறேன். எட்டுக் கட்டில் அக்கா. ஜன்னலைத் திறக்க மாட்டாங்க.

— கால்ல விழக் குனியணும்டி. அதுக்கும் உன் முதுகு ஆகாது. காலையிலேர்ந்து எத்தனை தடவை சொல்லிக் குடுத்த அந்த ஒரு வார்த்தையை? எனக்குன்னு சொல்றப்பல்லாம் தொண்டையில சிக்குச்சு. இப்ப பாரு, சிக்காம வருது. எழுதுங்க சார். அவளால முடியாது.