இருந்தா டெம், ஏறுனா டென்

கோரிப்பாளையத்தில் ஏறிய இரண்டு நர்ஸுகள் அலங்காநல்லூர் பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி ஜெர்மனி வேலைக்கான பாஷைப் பரீட்சையில் இரண்டாம் முறையும் தோற்றிருந்தாள். ஏறும்போதே கொதித்துக்கொண்டுதான் வந்தாள்.

"பூனை மேசை மேல இருக்கு. பூனை மேசை மேல ஏறுது. ரெண்டும் மேலதானடி? ஜெர்மன்காரனுக்கு மட்டும் மேசைக்கு முன்னாடி போடுற சொல்லு இருந்தா டெம்மாம், ஏறுனா டென்னாம். அம்புட்டையும் மாத்தி எழுதிட்டு வந்துட்டேன்."

"கத்தாதடி. பஸ்ஸே பாக்குது."

"பாக்கட்டும்."

தோற்றவளின் போன் அடித்தது. "பஸ்ல இருக்கேன். வீட்டுக்குத்தான் வாரேன்" என்றாள். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். வைத்தாள்.

கூட வந்தவள் சிரித்தாள். "பஸ்ல இருக்கேன், வீட்டுக்கு வாரேன். இருந்தா 'ல', போனா 'க்கு'. நம்மகிட்டயும் இருக்குல்லடி?"

இவள் போனைப் பைக்குள் திணித்தாள்.

"எங்க வீட்டுக்காரரு என்ன சொல்றாரு தெரியுமா? படிச்சு கிழிச்சது போதுமாம். புத்தகத்தை பீரோ மேல தூக்கிப் போட்டுட்டு, விட்டுட்டு வந்த பழைய ஆஸ்பத்திரி வேலைக்கே போகணுமாம்."

"நீ என்ன செய்யப் போற?"

"பீரோ மேல போட்டா டென். பீரோ மேல கிடந்தா டெம். ரெண்டும் நடக்காதுடி."